முகத்தில் துண்டு போட்டுக்கொண்டு கோவாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்த நேரம். மேசை நடுவில் சீனி டப்பா. அதில் சாய்த்து வைத்த செல்போனில், மஸ்கட்டிலிருந்து என் மகன் ரூபனின் முகம். டப்பாவுக்கு இந்தப் பக்கம் என் மகள் ஜெரோஷாவின் கார்ச்சாவி. குசினியில் என் மனைவி ரீத்தா பாரை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதியே என்னைப் பயமுறுத்தப் போதுமானதாக இருந்தது.

"அப்பா, நான் உங்க மூணு பேருக்கும் டிக்கெட் போட்டுருதேன். வாகைக்குளம் ஏர்போர்ட்டுல ஏறுதீய, மெட்ராஸ்ல மாறுதீய, பொழுதடைய கோவா. நாங்க இங்கேருந்து நேரா அங்கன வந்துருதோம். பிள்ளைக்கு லீவு கொஞ்ச நாள்தான்."

"டிக்கெட்டெல்லாம் வேண்டாம்ணே," என்றாள் ஜெரோஷா. சாவியை ஒரு விரலால் மெல்லச் சுற்றிவிட்டாள். "நான் கார்ல கூட்டிட்டு வாரேன்."

"எங்கேருந்து?"

"தூத்துக்குடியிலேருந்துதான். பின்ன, பம்பாயிலேருந்தா?"

ரூபன் ஃபோனைத் தட்டிப் பார்த்தான். லைன் சரியில்லை என்று நினைத்திருக்கிறான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். குசினியிலிருந்து ரீத்தாவும் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க சொல்லுங்கப்பா."

நான் சொன்னது, "மீன் கருகுது ஏளா, போய்ப் பாரு."

கடலில் எதிரே லாரி வராது

இந்தத் தொடரை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் சங்கதி தெரியும். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று கண்ணாடியில் பார்ப்பேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பயம்தான் காரணம். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து தோணியில் ஏறிக் கடலுக்குப் போனேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோணி என்றால் எங்கள் ஊரில் மீன்பிடிக்கிற வள்ளம் இல்லை. மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல். வெங்காயம், சிமெண்டு, ஓடு, உப்பு என்று எதையும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் கொச்சிக்கும் மங்களூருக்கும் போய் வரும். அதில்தான் என் வாலிபம் முழுவதும் போனது. பயந்தவனுக்குத் தோணியில் என்ன வேலை என்று கேட்பார்கள். ஒரு முடிச்சு போடுகிற இடத்தில் நான் இரண்டு போடுவேன். நான் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மூட்டை நனைந்ததாக யாரும் சொன்னதில்லை.

கடல் பழகிவிட்டது. மற்றதுதான் பழகவில்லை. தோணியில் இன்ஜின் நின்றால் நிற்கட்டும் என்று உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி போடலாம். விமானத்தில் நின்றால்? கடலில் எதிரே லாரி வராது. ரோட்டில் வரும். அதுவும் எங்கள் துறைமுக ரோட்டில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு வருகிற டிரெய்லர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தெருவே எழுந்து நடந்து வருவதுபோல இருக்கும்.

ஆகவே, காரா விமானமா என்று கேட்டால், என் மனசில் இருந்த பதில் மூன்றாவது: வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் கோவாவில் சவேரியார் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது ரீத்தாவின் பல வருட நேர்ச்சை. ரூபனின் பிள்ளையை, எங்கள் பேரனை, நாங்கள் ஃபோனில் மட்டும்தான் பார்த்திருந்தோம். எனவே போயாக வேண்டும்.

ஜெரோஷா கார் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் நான்தான். அதையும் சொல்ல வேண்டும்.

உப்பு ஏற்றிக்கொண்டு மங்களூர்ப் பக்கம் போகிற காலத்தில், அதற்கு வடக்கே ஒரு தரம் இரண்டு தரம் போயிருக்கிறோம். பொழுது சாய்கிற நேரத்தில் கரையோரமாக மணி மணியாக வெளிச்சம் ஓடும். கடலை ஒட்டியே ஒரு ரோடு போகிறது, அதில் ஓடுகிற வண்டிகள் என்றார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். குடும்பத்தோடு எங்கேயோ போகிறார்கள், வழியில் நிறுத்திச் சாப்பிடுவார்கள், பிள்ளை மடியில் தூங்கும் என்று நானே கதை கட்டிக்கொள்வேன். ஒரு நாள் அந்த ரோட்டில் உட்கார்ந்து, இந்தக் கடலைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தோணி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை நான் பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ரூபன் கேட்டான், மறந்தான். ஜெரோஷா கேட்டாள், மறக்கவில்லை.

துண்டுச் சோதனை

அவள் கார் ஓட்டப் பழகிய கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். முதல் நாளே ரிவர்ஸ் எடுத்து அடுத்த வீட்டுக்காரரின் பிளாஸ்டிக் வாளியை அப்பளமாக்கினாள். புது வாளி வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளும் ரிவர்ஸ் எடுத்தாள்.

எங்கள் ஊரை ஒட்டிய புதுக்கோட்டை, பாஞ்சாலங்குறிச்சி, ஒரு கல்யாணத்துக்குச் சாத்தான்குளம். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன தூரம் அவ்வளவுதான். அதற்குள் என் காலுக்குக் கீழே இருந்த மிதியடி தேய்ந்துவிட்டது. இல்லாத பிரேக்கை அத்தனை தடவை மிதித்திருக்கிறேன்.

"அப்பா, அங்கன பிரேக் இல்ல."

"தெரியும். நீ ரோட்டப் பாரு."

இந்த இடத்தில் மிக்கேல் தண்டலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தண்டல் என்றால் தோணியின் தலைவர். எங்கள் தோணியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவன் சுக்கான் பிடிக்கப் போகிறான் என்றால், தண்டல் அவனுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார். பட்டப்பகலில், சுக்கானுக்குக் கீழேயே பாயை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். மற்றவர்கள் எல்லோரும் அந்தத் துண்டைத்தான் பார்ப்பார்கள். துண்டு ஒரே சீராக ஏறி இறங்கினால் தண்டல் உண்மையாகவே தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அன்றிலிருந்து அவன் சுக்கானி. துண்டு ஓரத்தில் ஒரு கண் தெரிந்தால், அவன் திரும்பவும் வெங்காயம் உரிக்கப் போக வேண்டியதுதான்.

நான் வெகு காலம் வெங்காயம் உரித்தேன். சுக்கானைப் பிடிக்கிற போதெல்லாம் அந்த ஒரு கண் என்னைப் பார்க்கும். ஒரு நாள் மத்தியானம், காற்று கொஞ்சம் முரண்டு பிடித்த நாள், நான் துண்டைப் பார்க்கவே மறந்துபோனேன். சமையல் செய்கிற பண்டாரி என் முதுகில் ஒரு குத்து விட்டார். "ஏலே ராயப்பா, கீழ பாருலே!" துண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மிக்கேல் தண்டல் குறட்டை விட்டார். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் எந்தக் கோயில் பாட்டிலும் கேட்டதில்லை.

இதுவும் ஜெரோஷாவுக்குத் தெரியும். அதனால்தான் சாத்தான்குளம் ரோட்டில் ஒரு தடவை, நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தபோது, அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நடிக்காதீங்கப்பா. தூங்குத ஆளு ரெண்டு காலையும் ஊனிக்கிட்டா இருப்பாரு?"

உறை பிரிக்காத வைப்பர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். மீன் கருகவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது ரீத்தாவின் தம்பி ஃபெலிக்ஸ் வந்து சேர்ந்தான். ஃபோனில் ரூபன் இன்னமும் இருந்தான்.

ஃபெலிக்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாயில் இருந்த மீனோடு சிரித்தான். "பொம்பளப்பிள்ள கோவா வரைக்குமா? அத்தான், உங்க ஜெபமாலை கொச்சி தாண்டுததுக்குள்ள தேஞ்சு நூலாப் போயிரும்."

"நீங்க பக்கத்துல இருக்க மணப்பாட்டுக்கே பஸ்லதான போறீய மாமா?" என்றாள் ஜெரோஷா.

"எனக்குப் பயம் இல்லளா. உங்க அப்பாவச் சொல்லுதேன். அங்கன பாரு, இப்பவே மூஞ்சி வெளிறிப் போயிருக்கு. வழியில அவருக்கு நெஞ்சு வலி வந்தா நீ வண்டிய ஓட்டுவியா, அவரப் புடிப்பியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஜெரோஷாவும் என்னைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "சரிண்ணே. பிளேன்லயே வாரோம். டிக்கெட்டப் போட்டுரு." கையைக் கழுவிவிட்டு, சாவியை எடுத்து ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை.

காற்று வாங்குகிற சாக்கில் வெளியே வந்தேன். கார் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் சோர்ந்துபோகும். அதற்காகத் தினமும் காலையில் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது வேறொன்று. முன்கண்ணாடியில் இரண்டு வைப்பரும் புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

தூத்துக்குடியில் எதற்கு வைப்பர்? வருஷத்தில் சில நாள் மழை. மலையாளத்து மழைக்காக வாங்கி மாட்டியிருக்கிறாள். எங்களிடம் கேட்பதற்கு முன்னாலேயே. அப்பா சரி என்று சொல்லிவிடுவார் என்று நம்பி.

அந்த உறையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஓடி வந்தேன். ரூபனின் முகத்தோடு ஃபோன் இன்னும் சீனி டப்பாவில்தான் சாய்ந்திருந்தது.

"ஏலே ரூபா. டிக்கெட் போட்டுட்டியா?"

"போடப் போறேன்ப்பா. ஜன்னல் சீட்டா, நடுசீட்டா?"

"ஒரு சீட்டும் வேண்டாம்லே. ஜெரோ ஓட்டுதா. நாங்க கார்ல வாரோம்."

"அப்பா, இது நீங்களா பேசுதீய?"

"நான்தாம்லே."

ஃபெலிக்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரீத்தா அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, "நீ தின்னு," என்றாள். ஜெரோஷா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வைப்பரின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாலைக்கா ஏத்துதீய?"

சரி என்று சொல்லிவிட்டேனே ஒழிய, பயம் எங்கே போகும்? அது வேறு வேலை தேடிக்கொண்டது. புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் சாமான் கட்டுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

பாதித் தெரு வேடிக்கை பார்த்தது. அரிசி, வெங்காயம், தண்ணீர் கேன், மண்ணெண்ணெய் இல்லாத குறைக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு. ரீத்தா ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திருப்பி எடுத்துப் போனாள். "வழியெல்லாம் ஹோட்டல் இருக்கு, மனுஷா!" மிஞ்சியது துணிப்பெட்டிகளும், பேரனுக்காக வாங்கிய மக்ரூன் டப்பாக்களும், மருமகள் கேட்ட கருவாடும். கருவாட்டை மட்டும் உள்ளே வைக்க ஜெரோஷா ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிகளும் கருவாடும் காரின் கூரைக்குப் போயின.

மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். கதவுகளைச் சாத்தினேன். தோணித் தட்டில் சரக்கைக் கட்டுகிற மாதிரி, கயிற்றைக் கூரை மேல் வீசி, காருக்கு அடியில் குனிந்து வாங்கி, திரும்ப மேலே வீசி, இறுக்கி, ஒரு முடிச்சு போடுகிற இடத்தில் இரண்டு போட்டு முடித்தேன். ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை. கார்தான் அசைந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஜெபம் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டு, ஜெரோஷா கார்க் கதவை இழுத்தாள். திறக்கவில்லை. ரீத்தா பின்கதவை இழுத்தாள். திறக்கவில்லை. நாலு கதவையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறேன்.

பால் வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரர் நின்று நிதானமாகப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கார மாலைக்கா ஏத்துதீய?"

மாலை என்றால் மாலத்தீவு. தெருவே சிரித்தது. ஜெரோஷா காரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் போட்ட முடிச்சை நானே அவிழ்த்து, கதவுகளை விட்டுவிட்டுக் கூரைக் கம்பியில் திரும்பக் கட்ட ஆன நேரத்தில், ரீத்தா இன்னொரு தடவை எல்லோருக்கும் காப்பி போட்டுவிட்டாள்.

கிளம்பினோம். புதுக்கோட்டையைத் தாண்டினால் விமான நிலையம் போகிற வழி. நான் திரும்பிப் பார்த்ததைப் பின்சீட்டிலிருந்து ரீத்தா கவனித்துவிட்டாள்.

"வேணும்னா இறங்கிப் பிளேன்ல வாங்க. நாங்க போய்ச் சேந்துருதோம்."

"ஏன், நான் என்ன சொன்னேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. கால எடுங்க மொதல்ல, மிதியடி பாவம்."

நீர்தோசைக்குப் பிறகு

மலையாளத்தில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, நான் ஜெபமாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினேன். ஒற்றையடிப் பாதைபோன்ற ரோட்டில் பஸ்கள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒரு பாலத்தில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் இருக்கிற பிரேக்கை அதற்கு முன்னாலேயே மிதித்திருந்தாள். கார் ஆடாமல் நின்றது. பின்னால் மக்ரூன் டப்பா ஒன்றுகூட உருளவில்லை.

"பயந்துட்டீயளாப்பா?"

"இல்ல."

"நான் பயந்துட்டேன்," என்றாள். கியரை மாற்றினாள். போனோம்.

எனக்குத் தெரிந்த பயம் கையைக் காலைக் கட்டிப்போடுகிற பயம். இவளுடைய பயம் கியர் மாற்றுகிறது.

கொச்சியில் ஒரு இராத் தங்கல், மங்களூரில் ஒன்று. மூன்றாம் நாள் காலையில் வழியில் ஒரு கடையில் நிறுத்தி நீர்தோசை சாப்பிட்டோம். ரீத்தாவுக்கு அந்தச் சட்னி பிடித்துப்போய், செய்முறையைச் சைகையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள். வெயில் இதமாக இருந்தது.

"இனிமேதான்ப்பா உங்க ரோடு," என்றாள் ஜெரோஷா. "இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் ஆறாம். நடுவுல நாம. உங்க ஜன்னல் பக்கமே வருது கடலு. நல்லாப் பாத்துக்கோங்க."

கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டேன். ஜன்னலை இறக்கினேன். காற்றில் உப்பு வாசம் வந்துவிட்டது. முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து லேசாக மேலே போட்டுக்கொண்டேன். கடல் வரும் வரைக்கும்தான்.

அடுத்து எனக்குத் தெரிவது, கார் நின்றிருக்கிறது. ஒரு டீக்கடை. கடலையும் காணோம், ஆற்றையும் காணோம். இரண்டு பக்கமும் தென்னை. ரீத்தா டீ கிளாஸை என் கையில் திணித்தாள்.

"எங்கன இருக்கோம்? கடல் எங்க ஏளா?"

"அது எப்பவோ போயிருச்சு. அவ்வளவு அழகு! ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல கல்லுதான் கிடக்கு. தூரத்துல ஒரு தோணிகூடப் போச்சு. இல்ல, கப்பலோ என்னமோ."

"அப்ப எழுப்ப வேண்டியதுதான? நாப்பது வருஷமா இதுக்குத்தான நான்..."

"எழுப்பப் போனேன். தோளத் தொட்டாச்சு. இவதான் விடல." ரீத்தா டிரைவர் சீட்டைக் காட்டினாள். "'அம்மா, அப்பா துண்டப் பாரும்மா'ங்கா. ஏறி இறங்குது. குறட்ட வேற. 'எழுப்பாத, எழுப்பாத'ன்னு பிள்ள அந்த ரோடு பூரா மெதுவாவே ஓட்டுதா."

ஜெரோஷா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நின்றுதான் இருந்தது. ஆனாலும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி விழுந்திருந்தது. சின்ன வயசில், வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டு அதைச் சொல்லாமல் நிற்கிற போது விழுகிற குழி.

என் காலைப் பார்த்தேன். இரண்டும் சீட்டுக்கு மேலே, சம்மணம் போட்ட நிலையில் இருந்தன. செருப்பு எங்கேயோ கழன்று கிடந்தது.

அன்று சாயங்காலம் கோவாவில் பேரன் ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். ரூபன் காரைச் சுற்றி வந்து, தங்கச்சியின் தலையில் தட்டினான். "ஓட்டிட்டியேளா! அப்பா எப்படி வந்தாரு? கத்தினாரா, அழுதாரா?"

நான் முந்திக்கொண்டேன். "நான் தூங்கிட்டேம்லே."

ரூபனும் தோணிக்காரன் மகன்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "நிஜமாவா?"

"துண்டு போட்டுக்கிட்டு."

மஸ்கட்டிலிருந்து வந்தவன் போய்க் கூரை மேலிருந்த பெட்டிகளை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு அவனுக்கு வரவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டான்.

சவேரியார் கோயிலில் ரீத்தா மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் ஒன்று கொளுத்தினேன். எதற்கு என்று கேட்டாள். சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

ஊர் திரும்புகிற அன்று ஜெரோஷா என்னைச் சமாதானப்படுத்தினாள். "கவலப்படாதீங்கப்பா. அதே ரோட்லதான போறோம். இந்தத் தடவ கடல் கண்டிப்பாக் காட்டுதேன்."

கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டேன். ஜன்னலையும் இறக்கினேன்.

திரும்பி வரும்போதும் தூங்கிவிட்டேன்.